புளிச்சோறும் எஃகும்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. விடைத்தாள்களையும் திருத்தி முடித்தாயிற்று. ஆகவே, பல நாள்களாக மனத்தில் கிடந்த ஒன்றை எழுத இன்று நேரம் வாய்த்தது. காத்தோங் வட்டாரத்தில் உள்ள ஒரு சிறிய ஜப்பானிய உணவகத்தில் உண்ட அனுபவம் இது. எனினும், சுவையை மட்டும் பேசும் பதிவன்று.

சூஷி என்றவுடன் நம்மவர் பலர் முகம் சுளிப்பர். "பச்சை மீனையா தின்பார்கள்?" என்பதே முதற்கேள்வி. உண்மையில் சூஷி என்னும் சொல் மீனைக் குறிப்பதன்று. 'புளித்தது' என்பதே அதன் பழம்பொருள். ஆதியில் மீனை உப்பிட்டு, வெந்த சோற்றுக்குள் புதைத்து, மாதக்கணக்கில் புளிக்க வைத்தார்கள். புளித்தபின் சோற்றை நீக்கிவிட்டு மீனை மட்டும் உண்டார்கள். ஜப்பானின் பிவா ஏரிக்கரையில் இம்முறை இன்றும் வழக்கில் உண்டு. பிற்காலத்தில் மாதக்கணக்கில் காத்திராமல், சோற்றில் காடியைக் கலந்து அப்புளிப்பை உடனே வரவழைத்தனர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இன்று தோக்கியோ எனப்படும் எடோ நகரில், ஒரு பிடி காடிச்சோற்றின்மேல் மீன்துண்டை வைத்துக் கையால் பிடித்துக் கொடுக்கும் முறை பரவியது. ஹனாயா யோஹெய் என்பவரையே அதன் முன்னோடியாகச் சொல்வது வழக்கம். வேலைக்குச் செல்பவர்கள் தெருவோரக் கடையில் நின்றபடியே உண்ட உணவு அது. வழிப்பயணத்திற்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போன நமக்கு அதன் நியாயம் விளங்காமற் போகாது.

இனி, நான் அங்குச் சென்ற காரணத்தைச் சொல்கிறேன். என்னிடம் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் அவ்வுணவகத்தில் பயிற்சியாளராக இருக்கிறார். கெட்டிக்காரர். ஆனால் வகுப்பில், "இதைப் படித்து எங்கே ஐயா பயன்படுத்தப் போகிறோம்?" என்று கேட்கும் இரகம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் பொறியியல் பட்டயம் பெற்றார். தேசிய சேவையையும் முடித்தார். பல்கலைக்கழகத்திற்குப் போவார் என்று வீட்டில் எல்லாரும் காத்திருந்தபோது, சூஷி சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவச் சேர்ந்துவிட்டார். மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

அவருடைய தந்தையார் கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டுகள் வெல்டிங் வேலை பார்த்து, மேற்பார்வையாளராக உயர்ந்தவர். "அடுப்படியில நிக்கவா சார் இவனைப் படிக்கவச்சேன்?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். ஒரே வீவக வீட்டில் வாழ்ந்தும், தந்தையும் மகனும் தேவைக்கு மேல் பேசிக்கொள்வதில்லை. சில மாதங்களுக்கு முன் அந்த மாணவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "ஒருநாள் மத்தியானம் சாப்பிட வாங்க ஐயா. அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. நான் கூப்பிட்டா வரமாட்டார், நீங்க கூப்பிட்டா வருவார்" என்றார். வாத்தியார் என்றால் அந்தத் தலைமுறைக்கு இன்னும் கொஞ்சம் மதிப்பு இருக்கிறது.

காத்தோங் என்றால் பலருக்கும் லக்சாவும் பெரானாக்கான் வீடுகளும் நினைவுக்கு வரும். நமக்கோ சிலோன் சாலையிலுள்ள செண்பக விநாயகர் ஆலயம் நினைவுக்கு வரும். முன்பு இவ்வட்டாரம் கடலோரமாகவே இருந்தது. 1966இல் தொடங்கிய நில மீட்புப் பணியால் கடல் தள்ளிப் போயிற்று. 2024 ஜூன் மாதத்தில் மரீன் பரேட் நிலையம் திறக்கப்பட்ட பிறகு ரயிலிலேயே போய்விடலாம். தந்தையாரும் நானும் அப்படித்தான் போனோம். வழிநெடுக அவர் அதிகம் பேசவில்லை.

உணவகம் ஒரு பழைய கடைவீட்டின் தரைத்தளத்தில் இருக்கிறது. பெரிய பெயர்ப்பலகை இல்லை. வாசலில் ஒரு துணித்திரை மட்டும் தொங்குகிறது. உள்ளே மேசைகளும் இல்லை. ஹினோக்கி மரத்தாலான ஒரே நீண்ட பலகை. அதன்முன் எட்டு நாற்காலிகள். பலகைக்கு அப்பால், அறுபதைக் கடந்த ஜப்பானியத் தலைமைச் சமையற்காரர். அவருக்குப் பின்னால் ஓர் அடி தள்ளி நம் மாணவர். தலைமுடியை ஒட்ட வெட்டி, வெள்ளை அங்கியில் நின்றார். எங்களைப் பார்த்ததும் ஜப்பானிய முறையில் தலை வணங்கினார். பிறகு தமிழில் "வாங்கப்பா, வாங்க ஐயா" என்றார்.

அங்கு உணவுப் பட்டியல் கிடையாது. 'ஒமகாசே' என்பார்கள், 'உங்களிடமே விட்டுவிடுகிறேன்' என்று பொருள். எதைத் தருவது, எந்த வரிசையில் தருவது என்பதைச் சமைப்பவரே தீர்மானிப்பார். மென்சுவை கொண்ட வெள்ளை மீனில் தொடங்கி, கொழுப்பு மிகுந்தவற்றுக்குச் செல்வது பொது வழக்கு. முதலில் வெந்நீரில் நனைத்த துண்டு தருகிறார்கள். அது கை துடைக்க. ஏனெனில் சூஷியைக் கையால் உண்பதே மரபுக்கு உகந்தது. குச்சியும் உண்டு, கட்டாயமில்லை. தந்தையாருக்கு அது சற்று ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

முதலில் வந்தது வெள்ளை மீன். சோறு உடல் சூட்டில் இருந்தது. வாயில் வைத்ததும் பருக்கை பருக்கையாய்ப் பிரிந்தது. மீனுக்கும் சோற்றுக்கும் நடுவே சிறிதளவு வசாபி. கடைகளில் குழாயில் கிடைக்கும் பச்சைப் பசை பெரும்பாலும் வேறொரு கிழங்கால் ஆனது. உண்மையான வசாபித் தண்டைச் சுறாத்தோல் ஒட்டிய பலகையில் நம் மாணவர் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதன் காரம் சில நிமிடங்களிலேயே போய்விடுமாம். ஆதலால் முன்கூட்டியே அரைத்து வைப்பதில்லை.

நான் உண்டேன். தந்தையார் தம் பங்கைத் தொடவில்லை. தலைமைச் சமையற்காரர் அதைக் கவனித்தார். ஏன் என்று கேட்கவில்லை. முகத்திலும் மாற்றமில்லை. மாணவரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அதன்பின் எனக்கு ஒரு வரிசையும் தந்தையாருக்கு வேறு வரிசையுமாக வரத் தொடங்கின. அவருக்கு முன் வந்தவை எல்லாம் வெந்தவை: அவித்த இறால், மெதுவாக வேகவைத்த பேய்க்கணவாய், இனிப்புக் குழம்பு தடவிய கடல் விலாங்கு. அந்த எட்டு நாற்காலிகளின் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது. எண்பது பேர் அமரும் இடத்தில் ஒருவர் உண்ணாமல் விட்டதை யார் கவனிப்பார்?

இன்னொன்றையும் மாணவர் விளக்கினார். தந்தையாருக்காகச் செய்த சலுகை அன்று அது. பழைய எடோ முறையே அதுதான். குளிர்பதனம் இல்லாத காலத்தில் மீனை அப்படியே தரமுடியாது. காடியில் ஊறவைப்பார்கள், சோயாவில் ஊறவைப்பார்கள், வேகவைப்பார்கள். பச்சையாகத் தருவது பின்னாளில்தான் பெருகியது. இன்று நாம் சூஷி என்றவுடன் நினைக்கும் சால்மன் மீன்கூடப் பழைய பட்டியலில் இல்லை. 1980களில் நார்வே நாட்டவர் தம் வளர்ப்புச் சால்மனை ஜப்பானில் விற்க முனைந்ததன் விளைவு அது!

நடுவில் தலைமைச் சமையற்காரர் தந்தையாரின் தொழிலைக் கேட்டார். மகன் மொழிபெயர்த்தார். கப்பலுக்கு இரும்பு ஒட்டுபவர் என்று அறிந்ததும், அவர் தம் கத்தியைத் துடைத்து, கைப்பிடியை எங்கள் பக்கம் திருப்பிப் பலகையின்மேல் வைத்தார். ஒரு முழத்துக்குக் குறைவான நீளம்; ஒரு பக்கம் மட்டுமே சாய்வாகத் தீட்டப்பட்ட கத்தி. தந்தையார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அலகின் ஓரமாக மேகம்போல் மங்கலான ஒரு கோடு ஓடியது.

"இது ரெண்டு இரும்பு" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

"ஆமாப்பா. வெட்டுற பக்கம் எஃகு. மேல இருக்கிறது மெதுவான இரும்பு."

"வெல்டிங் தையலைக் காணோமே?"

"வெல்டிங் இல்லப்பா. உலையில காய்ச்சி, அடிச்சே ஒட்டுவாங்க. முழுக்க எஃகா இருந்தா உடஞ்சிடும், தீட்டவும் நேரமாகும். முழுக்க இரும்பா இருந்தா கூர் நிக்காது."

"பின்பக்கம் ஏன் குழிவா இருக்கு?"

"மீன் ஒட்டாம இருக்க."

ஒரே இழுப்பில் வெட்டவேண்டும், முன்னும் பின்னும் அறுத்தால் மீனின் சதை நசுங்கும் என்றார் மகன். எளிதில் துருவேறும் எஃகு என்பதால் ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் துடைக்கவேண்டும் என்றார். முதலாண்டு முழுவதும் பாத்திரம் கழுவியதையும், அரிசி களைந்ததையும், சாணைக்கல்லில் கத்தி தீட்டியதையும் சொன்னார். சாணைக்கல்லின் பொடி எவ்வளவு நுண்ணியது என்று தந்தையார் கேட்டார். மகன் சொன்னார். ஏறத்தாழப் பத்து நிமிடங்கள் அவர்கள் இரும்பைப் பற்றிப் பேசினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. ஆய்த எழுத்துக்கு எடுத்துக்காட்டாக 'எஃகு' என்று கரும்பலகையில் எத்தனை ஆண்டுகளாக எழுதியிருப்பேன்! தேர்வுக்கு வெளியே ஒரு மாணவர் அச்சொல்லைச் சொல்லக் கேட்டது அதுவே முதன்முறை. ஆங்கிலச் சொல் அவருக்குத் தெரியாததன்று, பொறியியல் படித்தவர். தந்தையிடம் பேச அவருக்கு வாய்த்த சொல் அதுவாக இருந்தது.

ஜப்பானிய மொழியை எப்படிக் கற்றீர்கள் என்று கேட்டேன். "வாக்கியம் தமிழ் மாதிரிதான் ஐயா, வினை கடைசியில வரும்" என்றார். உண்மைதான். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்பதே அங்கும் வரிசை. நம் 'ஐ' உருபு வரும் இடத்தில் அவர்களுக்கு 'ஓ'. நம் 'கு' வரும் இடங்கள் பலவற்றில் 'நி'. நம் 'என்று' வரும் இடத்தில் 'தோ'. சுட்டுச் சொற்களைப் பாருங்கள்: பேசுபவர் அருகில் இருப்பது 'கோரே', கேட்பவர் அருகில் இருப்பது 'சோரே', இருவருக்கும் தொலைவில் இருப்பது 'ஆரே', வினா 'தோரே'. நாம் இது, அது, எது என்று சொல்லி நடுவிலுள்ள 'உது' என்பதை மறந்துவிட்டோம். யாழ்ப்பாணத்தார் பேச்சில் இன்னும் 'உது' வாழ்கிறது. சிலோன் சாலைக் கோவிலுக்குச் சென்றால் முதியவர் எவரேனும் சொல்லக் கேட்கலாம்.

இதைக் கொண்டு இரண்டும் ஒரு தாய் மக்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பேராசிரியர் சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானியத்திற்கும் உறவுண்டு என நெடுங்காலம் ஆய்ந்து எழுதினார்; 2008இல் மறைந்தார். மொழியியலாளர் பெரும்பாலோர் அக்கருத்தை ஏற்கவில்லை. உறவு இல்லாவிடினும், ஒன்றை அறிந்தவருக்கு மற்றதன் வாக்கிய அமைப்பு எளிதில் பிடிபடும் என்பதில் ஐயமில்லை. "எங்கே பயன்படுத்தப் போகிறோம்?" என்ற பழைய கேள்விக்கு அந்த மாணவரே விடை கண்டிருக்கிறார். என்னால்கூட அப்படியொரு விடையை முன்பே சொல்லியிருக்க முடியாது.

இறுதியாக வந்தது முட்டை. பார்ப்பதற்கு எளிய பொருள். பயிற்சியாளரின் கைத்திறனைச் சோதிப்பது அதுதானாம். 2011இல் வெளிவந்த 'ஜிரோ ட்ரீம்ஸ் ஆஃப் சுஷி' என்ற ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அதில் ஒரு பயிற்சியாளர் முட்டையைத் திரும்பத் திரும்பச் செய்து, குரு ஏற்றுக்கொண்ட நாளில் அழுதுவிட்டதாகச் சொல்வார். எங்கள் முன் வைத்த துண்டைச் சுட்டி, "இது இவன் செய்தது" என்றார் தலைமைச் சமையற்காரர். அதை மகனே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. பாவம், அவர் காது சிவந்துவிட்டது. தந்தையார் நிதானமாக மென்றார்.

"இறால் போட்டிருக்கா?"

"ஆமாப்பா, அரைச்சுச் சேர்ப்போம்."

"ம்."

அவ்வளவே. ஆயினும் தட்டில் ஒன்றும் மீதமில்லை.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். மதிய உணவுக்கே ஒருவருக்கு நூறு வெள்ளிக்கு மேல் ஆகும். அதன்மேல் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, பொருள் சேவை வரி 9 விழுக்காடு. அன்று எங்களுக்கு மாணவர் தம் சம்பளத்திலிருந்து கட்டினார். நம்மைப் போன்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். முன்பதிவு கட்டாயம். எதை உண்ணமாட்டீர்கள் என்பதை அப்போதே சொல்லிவிடுவது நல்லது. வாசனைத் திரவியம் பூசிச் செல்லாதீர்கள். வைத்தவுடன் உண்ணுங்கள், சோயாவில் மீனைத் தொடுங்கள், சோற்றைத் தொடாதீர்கள். இன்னொன்று: தேக்காவில் வாங்கிய மீனை வீட்டில் பச்சையாக உண்டு பார்க்க முயலவேண்டா. பச்சையாக உண்பதற்குரிய மீன்கள் பலவற்றை ஒட்டுண்ணி சாகும் அளவுக்கு உறைய வைத்த பிறகே பரிமாறுகிறார்கள். 2015இல் பச்சை நன்னீர் மீன் உண்டு சிங்கப்பூரில் பலர் நோயுற்றதையும், அதன்பின் உணவுக்கடைகளில் அவ்வகை மீனைப் பச்சையாகப் பரிமாறத் தடை வந்ததையும் மறக்கவேண்டா.

தந்தையார் மனம் முற்றிலும் மாறிவிட்டதாக நான் சொல்லமாட்டேன். பட்டப்படிப்பைப் பற்றி இன்னமும் பேசுகிறாராம். ஆனால் சென்ற வாரம் மாணவர் எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். வீட்டுக் காய்கறிக் கத்தி ஒன்று மழுங்கிவிட்டதாம். தந்தையார் அதைச் செய்தித்தாளில் சுற்றி, மகனின் பையின்மேல் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாராம். "தீட்டி வெச்சுட்டேன் ஐயா" என்று எழுதியிருந்தார். எழுத்துப்பிழை ஒன்றுமில்லை.

பெற்றோர் சந்திப்பு நாளில், பிள்ளைகள் தேர்ந்தெடுக்கும் தொழிலை எண்ணி வருந்தும் தந்தையர் பலரை நான் பார்க்கிறேன். அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: பிள்ளை வேலை செய்யும் இடத்துக்கு ஒருமுறை போய், அவர் கையில் பிடித்திருக்கும் கருவியைப் பாருங்கள். அது உங்களுக்கும் ஏதோ ஒருவகையில் தெரிந்த பொருளாக இருக்கக்கூடும்.