தோல்வி கலைக்காத அணி

நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனியின் உள்ளரங்க அமெரிக்க ஃபுட்பால் அணியான ஆல்பனி எம்பயர், 2023இல் ஏழு ஆட்டங்களில் ஆறில் தோற்றது. 2021, 2022 இரண்டு ஆண்டுகளும் நேஷனல் அரீனா லீக் கோப்பையை வென்ற அணி அது. ஏழாவது ஆட்டத்துக்குப் பிறகு எட்டாவது இல்லை. லீக்குக்குக் கட்டவேண்டிய பணத்தைக் கட்டவில்லை என்று ஜூன் மாதம் அணி வெளியேற்றப்பட்டது.

அரீனா ஃபுட்பால் எனப்படும் இந்த ஆட்டம் ஐஸ் ஹாக்கி அரங்குக்குள் அடங்குவது. செயற்கைப் புல் விரித்த களம் 50 கஜ நீளம், 85 அடி அகலம். பக்கத்துக்கு எட்டுப் பேர். எல்லையில் கோட்டுக்குப் பதிலாக மெத்தை பொதிந்த தடுப்புச் சுவர். பந்தோடு ஓடுபவர் அதில் மோதி, சில சமயம் முதல் வரிசைக்காரரின் மடியிலேயே விழுவார். அவரும் முதுகில் தட்டித் திருப்பி அனுப்புவார். ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் களத்திலேயே நின்று பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போடுவது இந்த விளையாட்டின் பழைய வழக்கம். சம்பளம் சொற்பம். ஆனாலும் அயோவாவில் மணிக்கு ஐந்தரை டாலருக்கு மளிகைக்கடை அலமாரி அடுக்கிய கர்ட் வார்னர், அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் என்னும் அரீனா அணியில் மூன்று பருவங்கள் ஆடி, 2000 ஜனவரியில் முதன்மை லீக்கான என்எஃப்எல்லின் சூப்பர் பௌலை வென்றார். அந்த நினைப்பில்தான் ஒவ்வோர் ஆண்டும் புதுப்புது இளைஞர்கள் வந்து சேர்கிறார்கள்.

தோற்ற இரவிலும் அந்தக் கையெழுத்து வரிசை நிற்கும். குடியேறிய தமிழர் அமெரிக்காவில் கற்கத்தக்க பண்புகளில் முதலிடம் இதற்கே தரலாம். 2025 ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸ் 14 ஆட்டங்களில் நான்கை மட்டும் வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்துக்குப் போனபோது, அமெரிக்கத் தமிழரின் வாட்ஸாப் குழுக்களில் கொட்டிய வசை கொஞ்சமல்ல. ஐந்து கோப்பைகளை ஒரே பருவத்தில் மறந்துவிட்டார்கள். சின்ன ஊர் அமெரிக்க ரசிகருக்கு அந்த மறதி இல்லை.

ஆனால் அந்த ரசிகருக்குத் தம் அணிமீது உரிமையும் இல்லை. அணிகள் தனியாருக்குச் சொந்தமான இந்த ஏற்பாட்டின் பெருங்குறை அதுதான். ஆல்பனி எம்பயர் 2023 வசந்தத்தில் முன்னாள் என்எஃப்எல் வீரர் அன்டோனியோ பிரௌனின் கைக்குப் போனது. அவருடைய தந்தை எட்டி பிரௌன், முன்பிருந்த ஆல்பனி ஃபயர்பேர்ட்ஸ் அணியின் நாயகர். அரீனா ஃபுட்பாலின் முதல் இருபது ஆண்டுகளின் தலைசிறந்த வீரராக 2006இல் தேர்வானவர். ஊரோடு அப்படியொரு உறவு இருந்தும், கணக்கு நேராகாதபோது அணியைக் காப்பாற்ற ஊருக்கு வழியில்லை. டிக்கெட் வாங்கியவரிடம் யாரும் கேட்கவுமில்லை.

தமிழகக் கிராமத்துக் கபடிக் குழுவை இப்படி ஒருவர் வாங்கவும் முடியாது, கலைக்கவும் முடியாது. சட்டையில் இருப்பது ஊரின் பெயர்; செலவுக்கு ஊர்க் கடைக்காரர்களும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் கொடுப்பார்கள். இந்தப் பொங்கலுக்கு முதல் சுற்றில் தோற்ற குழு அடுத்த பொங்கலுக்கும் இறங்கும்.

அமெரிக்கா இந்த வழியை அறியாத நாடல்ல. விஸ்கான்சினின் கிரீன் பே பேக்கர்ஸ் 1923 முதல் பொதுமக்களின் பங்குகளால் நடக்கும் லாப நோக்கற்ற என்எஃப்எல் அணி. பங்குதாரர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அதே முறையில் இன்னோர் அணி தோன்ற இன்றைய என்எஃப்எல் விதிகள் இடம் தருவதில்லை. தனியார் அணியை வெற்றியும் காப்பதில்லை: மொண்டானாவின் உள்ளரங்க ஃபுட்பால் அணி பில்லிங்ஸ் அவுட்லாஸ், அரங்கைச் சூறாவளி பிய்த்தெறிந்த 2010லேயே கோப்பையை வென்றும் அத்தோடு மூடப்பட்டது.

2024இல் ஆல்பனிக்குப் பழைய ஃபயர்பேர்ட்ஸ் பெயரில் புது அணி வந்தது. அது சேர்ந்த அரீனா ஃபுட்பால் லீக்கில் பல அணிகள் பருவத்தின் நடுவிலேயே நின்றுபோயின. ஆல்பனி இறுதி ஆட்டம்வரை சென்று, மீண்டும் உருவான பில்லிங்ஸ் அவுட்லாஸிடம் 46–41 என்று தோற்றது.