மடப்பள்ளிக் குழாய்க்கும் ஒரு உபயம்



பிரிக்பீல்ட்ஸ்ல பழைய கட்டடங்கள் அதிகம். சாலைக்கு அடியில் இருக்கும் பழைய குழாய்களை ஆயர் சிலாங்கூர் மாற்றி வருகிறது. ஆனா மீட்டரைத் தாண்டி உள்ளே வர்ற குழாய் நம்ம பொறுப்பு. நம்ம கோயில் மடப்பள்ளியில் இருப்பது வயசான இரும்புக் குழாய். காலையில் திறந்தா முதலில் செந்தண்ணிதான் வருது.

துருவாவது கண்ணுக்குத் தெரியும். எனக்குக் கவலை காரீயம். பழைய பித்தளைப் பைப்பிலும் பற்றவைத்த மூட்டுகளிலும் அது இருக்கலாம். ராத்திரி முழுக்கத் தேங்கிய தண்ணியில் கரையும். நிறம் இல்லை, ருசி இல்லை, கொதிக்க வைத்தாலும் போகாது. சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014-ல் தண்ணீர் எடுக்கும் இடத்தை மாத்தினாங்க. பழைய குழாய்களின் காரீயம் கரைந்து வீடு வீடாப் போச்சு. (ரசம் வைக்கும் அசல் ஈயச்சொம்பு வேற. அது வெள்ளீயம்.)

அன்னதானத்தில் முதல் பந்தியில் உட்காருவது பிள்ளைகள்தான். டியூப் லைட்டில்கூட உபயம்னு பேர் எழுதுறோம். சுவருக்குள்ள போற குழாயில் பேர் எழுத இடமில்லை. அதனாலேயே அந்த வேலை தள்ளிப்போகுது.

திருவிழாவுக்கு முன்பே மாற்றணும்னு நிர்வாகத்திடம் கேட்டிருக்கேன். உபயம் தர விரும்புறவங்க கோயில் அலுவலகத்தில் சொல்லுங்க. அதுவரை, தொண்டர்களே, காலையில் சில நிமிஷம் பைப்பைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணியில் வாசல் கழுவுங்க. பிறகு அண்டாவில் பிடிங்க. வீட்டிலும் அப்படியே செய்யுங்க.

அபிஷேகத்துக்குச் சுத்தமான தண்ணி தேடுற நாம, பந்தியில் உட்கார்ற பிள்ளைக்கும் அதையே கொடுப்போம்.