கயிற்றில் ஒட்டிய மணல்: ஷோம்பெர்க் துரைக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய ஷோம்பெர்க் துரை அவர்களுக்கு,

இனயத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் மணல் ஆலை போட்ட மணவாளக்குறிச்சிக்கு மேற்கே, குளச்சலைத் தாண்டி, தேங்காப்பட்டணம் போகிற வழியில் இருக்கும் கடற்கரை ஊர். இங்கே அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன்.

தேங்காய்க் கதம்பையை அழுகப்போட்டு, அடித்து, நார் பிரித்துக் கயிறு திரித்தால் அதில் மணல் இருக்கத்தான் செய்யும். வாங்குகிறவர்கள் உதறிவிட்டு, எடையில் கொஞ்சம் தள்ளிக்கொள்வார்கள். திருவிதாங்கூரிலிருந்து கடல் தாண்டி வந்த கயிற்றில் அந்த மணலைப் பார்த்தபோது, நீங்கள் ஒரு வேதியியலாளராக இது எதனால் ஆனது என்று கேட்டீர்கள். 1909-இல் கிடைத்த விடை: மோனசைட். என் நன்றி அந்தக் கேள்விக்கு. ஆலைக்கு அல்ல, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் வகுப்பிலும் கேள்வி அதுதான். பருப்பொருள் என்றால் என்ன என்று கேட்டால் எங்கள் பிள்ளைகள் தூக்கத்திலும் சொல்வார்கள்: இடத்தை அடைத்துக்கொள்ளும், நிறை உடையது. மதிப்பெண்ணுக்கு அது போதும். அதற்குமேல் வேண்டுமென்றால் கடற்கரைக்குத்தான் போகவேண்டும். பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்து கழற்றிய காந்தத்தைப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு மணலில் இழுத்தால், கறுப்புப் பொடி அப்பிக்கொண்டு வரும். அது இல்மனைட், இரும்பு, டைட்டானியம், ஆக்சிஜன் சேர்ந்தது. கூடவே சிவப்பாகக் கார்னெட். குவார்ட்ஸ் மணல் அசையாமல் கிடக்கும். உருப்பெருக்கி வைத்துப் பொறுமையாகத் தேடினால் தேன் நிறத்தில் மெழுகுப் பளபளப்போடு ஒரு மணி அகப்படும். உங்கள் மோனசைட். காந்தத்துக்கு வலுக்கொடுக்கும் நியோடிமியமும் அதே மோனசைட்டுக்குள் இருக்கிறது என்று சொன்னதும் பிள்ளைகள் காந்தத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

சீரியம், லாந்தனம், நியோடிமியம், தோரியம், இவற்றோடு பாஸ்பேட். மோனசைட்டின் முக்கியச் சேர்மானம் இவைதான். மலைப் பாறைக்குள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் படிகமாகி, பாறை உதிர்ந்து, ஆறு இறக்கிக் கொண்டுவந்து கடலில் சேர்த்தது. குவார்ட்ஸைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அடர்த்தி. அதனால் அலை லேசானதை இழுத்துக்கொண்டு போக, இது கரையில் தங்கிவிடுகிறது.

இந்தத் தோரியத்தை வைத்துத்தான் ரூதர்ஃபோர்டும் சோடியும் மாண்ட்ரீயலில், 1902 வாக்கில், ஒரு தனிமம் தானாகவே இன்னொன்றாக மாறுகிறது என்று காட்டினார்கள். அணு அழியாது என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. தோரியம் அணுவில் 90 புரோட்டான், 142 நியூட்ரான். ஆறு ஹீலியம் அணுக்கருக்களை ஒவ்வொன்றாக உமிழ்ந்து கடைசியில் ஈயமாக அடங்கும். அவசரமே இல்லை. பாதி மாறவே சுமார் 1,400 கோடி ஆண்டு வேண்டும். 55 கோடி ஆண்டு கழிந்தும் எங்கள் மணலில் மாறியது நூற்றுக்கு மூன்றுகூட இல்லை.

நீங்கள் மோனசைட்டைக் கண்ட அதே 1909-இல், மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டெனும் தங்கத் தகட்டின்மேல் ஆல்ஃபா துகள்களை, அதாவது அதே ஹீலியம் அணுக்கருக்களை, ஏவிக்கொண்டிருந்தார்கள். ஒன்றிரண்டு முட்டித் திரும்பின. அணுவின் நடுவே மிகச்சிறிய கரு, சுற்றிலும் வெறுமை என்று 1911-இல் ரூதர்ஃபோர்டு எழுதினார். தோரியம் அணுவின் கருவை ஒரு கொண்டைக்கடலை என்று வைத்துக்கொண்டால், அணு கால் கிலோமீட்டர் அகலம் இருக்கும். இடத்தை அடைக்கிறது என்று படித்தோமே, எங்கே அடைக்கிறது? ஒரு நிலையில் இருக்கும் எலக்ட்ரான் அதே நிலையில் இன்னொன்றை விடுவதில்லை. மணலில் கால் ஊன்றி நிற்க முடிவது அந்த மறுப்பால்தான்.

நிறையின் கதை இன்னும் விநோதம். புரோட்டானுக்குள் மூன்று குவார்க்குகள். அவற்றின் சொந்த நிறையைக் கூட்டினால் புரோட்டானின் நிறையில் நூற்றுக்கு ஒன்றுதான் தேறும். மீதியெல்லாம் குவார்க்குகளின் ஓட்டமும் அவற்றைப் பிடித்துவைக்கும் விசையின் ஆற்றலும். மீன் கூடையைத் தலையில் சுமந்து நடக்கிற அக்காமாரின் கழுத்தை அழுத்துவது பெரும்பாலும் ஆற்றல் என்று சொன்னால் அவர்கள் என்னை அடிக்க வருவார்கள்.

உங்கள் காலத்தில் மோனசைட்டைத் தேடியது விளக்குக்காக. நூற்றுக்கு 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு: இதுதான் விளக்கில் ஒளிவிடும் வலை, மேன்டில். முன்பெல்லாம் எங்கள் ஆட்கள் பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கட்டுமரத்தில் வைத்துக் கணவாய் பிடிக்கப் போவார்கள். முதல் தடவை கொளுத்தும்போது நூல் எரிந்து, வெறும் சாம்பல் வலை நிற்கும். விரல் பட்டால் உதிரும். ஆனால் 3,000 டிகிரி சூட்டிலும் உருகாது. தங்கள் கரையின் மணல்தான் தலைக்குமேல் எரிகிறது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. நீங்களும்தான்.

இனி ஆலை. முதல் உலகப் போரில் அது உங்கள் கையைவிட்டுப் போனது. இன்று அதை 1950-இல் தொடங்கிய ஐ.ஆர்.இ. என்னும் அரசு நிறுவனம் நடத்துகிறது. 2016-இல் இனயத்தில் துறைமுகம் என்றார்கள், எதிர்த்தோம். இப்போது கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கத் திட்டம். இனயம் புத்தன்துறையும் அதில் உண்டு. கரையைக் கடல் ஏற்கெனவே தின்றுகொண்டிருக்கிறது. மணலின் கதிர்வீச்சால் புற்றுநோய் வருமோ என்ற பயம் வீட்டுக்கு வீடு. வேண்டாம் என்று சொல்பவர்களில் நானும் ஒருத்தி. அதைச் சொல்லவும் உங்கள் கேள்வியே எனக்குத் துணை: அள்ளுவது எதை என்று தெரிந்துதான் மறுக்கிறேன்.

ஒரு பிடி மணலை மடலோடு வைக்க ஆசைதான். மோனசைட் இப்போது அணுசக்திச் சட்டத்தின்கீழ் வருகிறது, உரிமம் கேட்பார்கள். வெறும் மடலை ஏற்றுக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
இனயம் அறிவியல் டீச்சர்