பாலாற்றங்கரையில் ஓர் உதறல்

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. 'அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை' என்று அது நீண்டுகொண்டே போகும். சாமி இல்லாத குறை 1981-லேயே தீர்ந்துவிட்டது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் அந்த வருஷம் லிங்கம் மறுபடியும் எழுந்தருளியது. 2021 நவம்பரில் பாலாறும் ரோஷம் கொண்டு இரு கரையும் புரள ஓடிக் காட்டியது. இன்னும் யாராவது இந்தக் கேலியை நீட்ட விரும்பினால், 'பட்டறை இல்லாத சாலை' என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். அது இந்தப் பக்கத்தில் கிடையவே கிடையாது.

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு தடவை பிரயாணம் செய்து பாருங்கள். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று ஊர்கள் மணி கோத்தாற்போல் வரும். 2019-ல் பழைய வேலூர் ஜில்லா மூன்றாகப் பிரிந்தது. ஆனால் தோலுக்கு ஏது ஜில்லா எல்லை? பச்சைத்தோல் உப்பு தடவி வந்து இறங்குகிறது. பதப்பட்ட தோல் ஒரு பக்கம் போகிறது. செருப்பும் பூட்ஸும் பெட்டி பெட்டியாகத் துறைமுகம் நோக்கிப் புறப்படுகின்றன. நீங்கள் காலில் மாட்டியிருக்கும் செருப்பு கடைக்கு வருவதற்குள் எத்தனை லாரி, எத்தனை பிக்கப் வண்டி ஏறி இறங்கியதோ!

அந்த வண்டிகளின் வியாதியைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். 'மோட்டார் விஷயம் நமக்கெதற்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. சற்றுப் பொறுத்தால் நமக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம் விளங்கிவிடும்.

சாலையோரப் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது:

"ஸ்டியரிங் உதறுது, பாய்!"

"எப்ப உதறுது? எந்த ஸ்பீடுல?"

நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியர் போல மேஸ்திரி இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்பார். பதிலிலேயே பாதி வியாதி தெரிந்துவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் மெல்ல நடுங்கி, வேகம் மாறியதும் நின்றுவிட்டால், பெரும்பாலும் டயரிலோ சக்கரத்திலோ எடை ஒரு பக்கம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். நம் வீட்டு மின்விசிறியின் ஓர் இறக்கை வளைந்தால் விசிறி முழுவதும் ஆடுகிறதல்லவா, அதே கதைதான். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் உதறினால் பிரேக் டிரம்மைப் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு பள்ளத்திலோ மேட்டிலோ சக்கரம் ஏறி இறங்கியதும் திடீரென்று ஆரம்பித்து, டிரைவரின் இரண்டு கைகளையும் பிடுங்குவதுபோல் ஆட்டி, வண்டியை நன்றாக மெதுவாக்கும் வரையில் நிற்காத உதறல் ஒன்று உண்டு. பொல்லாதது அதுதான்.

அது எப்படி உண்டாகிறது? கனரக லாரிகளுக்கும், நாம் 'குட்டி யானை' என்று செல்லமாக அழைக்கும் சிறு வண்டிக்கும் முன்பக்கத்து இரண்டு சக்கரங்களையும் ஒரே இரும்பு அச்சு இணைக்கிறது. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் அச்சே சாய்கிறது. சுற்றுகிற பம்பரத்தைச் சாய்த்துப் பாருங்கள். சாய்த்த திசையில் விழாமல் பக்கவாட்டில் திரும்பும். ஒரு மீட்டர் குறுக்களவுள்ள லாரி டயர் 60 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதுவும் ஒரு பெரிய பம்பரந்தான். சாய்ந்ததும் திரும்புகிறது, டைராடு என்னும் கம்பி அடுத்த சக்கரத்தையும் இழுக்கிறது, ரப்பர் டயர் விறைத்து எதிர்ப்பக்கம் தள்ளுகிறது, அச்சு மறுபடியும் சாய்கிறது. ஊஞ்சலைத் தக்க சமயம் பார்த்துத் தள்ளினால் சிறு குழந்தை தள்ளினாலும் அது உயர உயரப் போகுமே, அப்படி ஆட்டம் வளர்கிறது. மூட்டுகள் இறுக்கமாக இருந்தால் அந்த ஆட்டம் அங்கேயே அடங்கிவிடும். தேய்ந்து தளர்ந்திருந்தால் அடக்க ஆளில்லை!

இது நம் ஊர் வண்டிகளுக்கு மட்டும் வந்த சாபம் அல்ல. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆதி நாள் கார்கள் இதே கூத்து ஆடின. தோள் குலுக்கி ஆடும் 'ஷிம்மி' என்ற நடனம் அந்நாளில் பிரபலமாக இருந்ததால், அதன் பெயரையே இந்த வியாதிக்குச் சூட்டிவிட்டார்கள். 1925-ல் ஜார்ஜ் புரூல்யே என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் இதை ஆராய்ந்து எழுதினார். 1934 மாடல் அமெரிக்கக் கார்கள் சிலவற்றில் முன்சக்கரங்களைத் தனித்தனியாகத் தொங்கவிட்டார்கள். ஆட்டம் பெரிதும் அடங்கியது. ஆயினும் பாரம் சுமக்கும் லாரிக்கு ஒரே அச்சுதான் உறுதி. ஆகவே இன்றைக்கும் அதைப் பராமரித்துத்தான் தீர வேண்டும்.

தோல் ஏற்றும் வண்டிக்கு இன்னும் இரண்டு விரோதிகள் உண்டு. ஒன்று உப்பு. பச்சைத்தோலிலிருந்து சொட்டும் உப்பு நீர் இரும்புக்கு எமன். ஸ்பிரிங் பட்டாவையும் மூட்டுகளையும் அரித்துவிடும். மற்றொன்று அளவுக்கு மீறிய பாரம். ஈரத்தோலைப் பின்னால் அளவின்றி அடுக்கினால் வண்டி பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் லேசாகி, சக்கரம் திரும்பும் கிங்பின்னின் சாய்மானமே மாறிப் போகிறது.

நல்ல மேஸ்திரி எடுத்த எடுப்பில் எதையும் மாற்றச் சொல்ல மாட்டார். முதலில் டயரின் காற்று, தேய்மானம், சக்கர நட்டுகள். பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். ஆட்டம் தெரிந்தால், "பிரேக்கை மிதி, தம்பி" என்பார். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் கிங்பின். பிறகு வண்டியைத் தரையில் நிறுத்தி, ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் அசைக்க, இவர் அடியில் படுத்து டைராடு எண்டு ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்ப்பார். தளர்ச்சியெல்லாம் தீர்ந்த பிறகே அலைன்மெண்ட். முன்னால் செய்தால் காசுக்குக் கேடு. உதறலை மறைக்க ஸ்டியரிங்குக்கு டாம்பர் மட்டும் பூட்டுவதும் அப்படியே. இருமுகிறவன் வாயைப் பொத்துவதால் சளி போய்விடுமா?

ஓடும்போது உதறல் வந்துவிட்டால் டிரைவர் செய்ய வேண்டியது ஒன்றே. ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டாமல் உறுதியாகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தணிய விட்டு ஓரம் கட்ட வேண்டும். திடீரென்று பிரேக்கை மிதிப்பது அபாயம்.

இப்போது நம்முடைய சம்பந்தத்துக்கு வருகிறேன். பல வீடுகளில் ஒரே ஒரு பிக்கப் வண்டிதான் குடும்பத்தின் நெல்வயல். மாதத் தவணை கட்டும் வாரத்தில், "கிங்பின் அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று வீட்டுக்காரர் சொல்லும்போது, கணக்குப் பார்த்துச் செலவைத் தீர்மானிப்பவர்கள் நாம் அல்லவா? டைராடு கழன்றால் ஸ்டியரிங் கையில் இருந்தும் வண்டி கையில் இருக்காது. மளிகையில் எதை வேண்டுமானாலும் குறையுங்கள். இந்தச் செலவை ஒத்திப்போடச் சம்மதிக்காதீர்கள்.

ஆம்பூர்ப் பக்கம் காலை வேளையில் பாருங்கள். செருப்புத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள், கையில் சாப்பாட்டுத் தூக்கோடு வேனுக்குக் காத்திருப்பார்கள். வேன் உதறினால் அதை முதலில் உணர்வது டிரைவரின் கை. அடுத்தபடி முன் சீட்டில் இருப்பவர்கள். "ஏன் அண்ணா, ஸ்டியரிங் ஆடுது?" என்று கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். திருவிழா, காதுகுத்து என்று சரக்கு வண்டியின் பின்னால் குழந்தைகளோடு ஏறுவதையும் விட்டுவிடுங்கள். சட்டமும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அந்த வண்டியின் கிங்பின் எப்படியிருக்கிறதென்று ஏறுகிற நமக்குத் தெரியவும் தெரியாது.

அடுத்த முறை அந்தச் சாலையில் போகும்போது கோட்டையைப் பாருங்கள். பள்ளிகொண்ட பெருமாளைச் சேவியுங்கள். ஆம்பூரில் பிரியாணி சாப்பிடுங்கள். நடுவே ஏதாவது ஒரு பட்டறையில், லாரிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அவருக்கு மனத்துக்குள் ஒரு நமஸ்காரம் செய்யுங்கள். யாரோ ஒரு வீட்டுக்காரி இன்றிரவு உதறல் இல்லாமல் தூங்குவதற்காகத்தான் அவர் அங்கே படுத்திருக்கிறார்.