மங்கிய ஒலியின் மேல் ஒரு பிரியம்

பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள் நாலு பேர் கூடினால் நான் சொல்லத் தயங்கும் விஷயம் ஒன்று உண்டு. எனக்குத் தெளிவான பிக்கப்புகளைவிட மங்கலானவற்றின் மேல்தான் ஆசை. அதிலும் கிப்ஸன் கம்பெனியின் ஈபி-0, ஈபி-3 பேஸ்களில் கழுத்தை ஒட்டிப் பெரிய பெட்டியாக உட்கார்ந்திருக்குமே, ‘மட்பக்கர்’ என்று எல்லோரும் பழிக்கும் பிக்கப், அதன் மேல் தனிப் பிரியம். இந்த ஆசைக்குக் காரணம் எனக்குப் பிடிபட்டது ஒரு வீணையால்.

எங்கள் தெருவில் வீணை சொல்லிக்கொடுக்கும் அம்மா ஒருவர் இருந்தார். அவருடைய கான்டாக்ட் மைக் பழுதாகிவிட்டது. “கிட்டார்ல இருக்கிற பிக்கப்பை இதுல வைக்க முடியாதா தம்பி?” என்று கேட்டார். கழற்றி வைத்திருந்த ஒரு பிக்கப்பை ஆம்ப்பில் இணைத்து, வீணையின் தந்திகளுக்கு மேல் பிடித்தேன். சாரணியும் பஞ்சமமும் ஸ்பீக்கரில் கணீரென்று வந்தன. மந்தரத்தை மீட்டினார், ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. அனுமந்தரமும் அப்படித்தான். அறை முழுக்க நாதம் நிறைந்திருந்தது, பிக்கப்புக்கு மட்டும் அது எட்டவில்லை. அந்த வீணையில் முதல் இரண்டும் எஃகு, மற்ற இரண்டும் பித்தளை.

பிக்கப் எப்படி வேலை செய்கிறது என்று படித்திருந்தேன். காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் மெல்லிய செம்புக் கம்பி. மேலே எஃகுத் தந்தி அசைந்தால் காந்தப்புலம் மாறும், காயிலில் மின்சாரம் பிறக்கும். ஆனால் அது நாதத்தைக் கேட்பதே இல்லை, எஃகு அசைவதை மட்டும் பார்க்கிறது என்பது அந்த அம்மாவின் விரல் பித்தளையில் பட்ட போதுதான் எனக்குள் இறங்கியது. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்த மின்சார மாண்டலினில் காந்தப் பிக்கப் பொருந்திப் போனதற்கு அதன் எஃகுத் தந்திகள்தான் காரணம். வீணைக்கு அந்த அம்மா புதிய கான்டாக்ட் மைக்கே வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எந்தப் பிக்கப்பைக் கேட்டாலும், இது எதை விட்டுவிடுகிறது என்று கவனிப்பதே பழக்கமாகிவிட்டது. விடுவது நிறைய. தந்தி முழுவதையும் அது பார்ப்பதில்லை, தனக்கு நேர் மேலே இருக்கும் துண்டைத்தான் பார்க்கிறது. திறந்த தந்தியின் நீளத்தில் சரியாகக் கால் பங்கில் பிக்கப் இருந்தால், நான்காம் ஹார்மோனிக் அந்த இடத்தில் அசையாமல் நிற்கும். ஆகவே அது கேட்காது. பிரிட்ஜ் பக்கம் நகர்ந்தால் அடிப்படைச் சுருதி மெலிந்து, மேல் ஹார்மோனிக்குகள் முந்திக்கொள்ளும். காயிலில் சுற்று ஏற ஏற டிரெபிள் சீக்கிரமே விழுந்துவிடும்.

இந்த மூன்றிலும் எல்லைக்குப் போனது மட்பக்கர். அது இருப்பது கழுத்து முடியும் இடத்திலேயே. அதன் இரண்டு காயில்களும் படுத்த வாக்கில் இருக்க, நடுவில் காந்த முனைகள். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப்பின் மின்தடை சுமார் 6 கிலோ ஓம் என்றால், இதில் சுமார் 30 கிலோ ஓம். விரல் தந்தியில் உரசுவதோ நகம் படுவதோ கேட்காது, அடிச்சுருதி மட்டும் அடைமழைக்கு முந்திய இடிபோல உருண்டு வரும். ‘க்ரீம்’ குழுவில் ஜாக் புரூஸ் வாசித்தது ஈபி-3 தான். ஆம்ப்பை முறுக்கி அந்த உருளலைக் கரகரக்க வைத்து, அதிலிருந்து பாடும் குரல் ஒன்றை அவர் எடுத்தார்.

எங்கள் மெல்லிசைக் குழுவை நடத்திய அண்ணன், சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினரிடம் ஒரு பழைய ஈபி-3 வாங்கி வைத்திருந்தார். இளையராஜா பாட்டுகளில் பேஸ் தனியாக ஒரு மெட்டே பாடிக்கொண்டு போகும். அவற்றுக்கு மட்பக்கர் உதவாது, சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போது பிரிட்ஜ் பக்கத்துச் சின்னப் பிக்கப்புக்கு மாறிவிடுவேன். மெதுவான பாட்டில் மட்பக்கரைப்போல வேறொன்று இல்லை. டோலக், தபலா, பாடகர் குரல் எதன் இடத்தையும் அது பறிக்காது. கேட்பவர் நெஞ்சில் அழுந்தும், ஆனால் எந்த வாத்தியம் என்று தெரியாது. பேஸ் வாசிப்பவனுக்கு இதைவிடப் பெரிய பேறு இல்லை என்று நான் நம்புகிறேன்.

விசித்திரப் பிக்கப்புகளில் எனக்கு அடுத்து நெருக்கமானது டேனெலக்ட்ரோவின் ‘லிப்ஸ்டிக்’. நேதன் டேனியல் 1950-களில் நியூஜெர்சியில் மலிவு விலைக் கிட்டார்கள் செய்தபோது, ஒரு காந்தக் கட்டையைச் சுற்றிக் காயில் சுற்றி, அதை உதட்டுச்சாயக் குழாய்க்குள் செருகிவிட்டார். உலோகக் குழாய் உச்ச டிரெபிளின் முனையைக் கொஞ்சம் மழுக்கிவிடுவதால், ஒலி மெலிதாக, கண்ணாடி வளையல் உரசுவதுபோல இல்லாமல், மென்மையான பளபளப்போடு வரும். அவருடைய இரட்டைப் பிக்கப் கிட்டார்களில் இரண்டையும் சேர்த்துப் போட்டால் அவை தொடராக இணையும். ஒலி சட்டென்று தடிக்கும். அந்த ஒரு சுவிட்சுக்காகவே அந்தக் கிட்டாரை வாங்கலாம். ஒற்றைக் காயில் என்பதால், ஜெனரேட்டரும் சீரியல் விளக்கும் பக்கத்திலேயே இருக்கும் திருவிழா மேடையில் ஹம் வரத்தான் செய்யும். பாட்டு தொடங்கும்வரை வால்யூமை மூடி வைப்பேன்.

ஒருமுறை நண்பர் ஒருவரின் பேஸில் இருந்த ஆப்டிகல் பிக்கப்பையும் வாசித்துப் பார்த்தேன். அகச்சிவப்பு ஒளியில் தந்தியின் நிழல் ஆடுவதை அது படிக்கிறது. காந்தமே இல்லை, பித்தளைத் தந்தியும் அதற்குக் கேட்கும். அற்புதமான வேலைப்பாடு. ஒலிப்பதிவுக்கு அதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். மேடையில் அதன் ஒலி ஒவ்வொரு வாத்தியத்தோடும் மோதியது. எதையும் விட்டுக்கொடுக்காத அதை ஈக்வலைசரில் வெட்டி வெட்டிக் கடைசியில் நான் கொண்டுவந்து நிறுத்தியது ஈபி-3 இன் பக்கத்தில்.

பிக்கப் மாற்ற வேண்டும் என்று பணத்தோடு என்னிடம் வரும் பிள்ளைகளிடம் முதலில் கேபிளை மாற்றிப் பார்க்கச் சொல்கிறேன். பேட்டரி இல்லாத சாதாரணக் கிட்டாரில் கேபிளின் மின்தேக்கமும் காயிலோடு சேர்ந்துதான் டிரெபிள் எங்கே விழ வேண்டும் என்று தீர்மானிக்கிறது. மூன்று மீட்டர் கேபிளில் கூச்சலிடும் பிக்கப், பத்து மீட்டரில் சாந்தமாகும். பிறகு பிக்கப்பின் உயரத்தை ஸ்க்ரூவில் இறக்கிப் பார்க்கச் சொல்வேன். இரண்டும் செய்து, தங்கள் குழுவோடு ஒரு கச்சேரி வாசித்துவிட்டு வந்தால், எந்தப் பிக்கப் வாங்குவது என்று உட்கார்ந்து பேசலாம்.