நிழலில் காயும் பூட்ஸ்

காவிரிப் படுகையில் சேற்றில் இறங்குகிறவர்கள் காலில் எதையும் போட்டுக்கொள்வதில்லை. நாற்றுப் பறிக்கவும் நடவும் வெறுங்கால்தான் தோது. வரப்பேறினால் ரப்பர் செருப்பு. அப்படிப்பட்ட சீமையில் கணுக்காலுக்கு மேல் ஏறும் தோல் பூட்ஸுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் பேராவூரணிப் பக்கம் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். கல்லணைக் கால்வாயின் கடைமடை இது. நெல்லைவிடத் தென்னைதான் இங்கே கண்ணுக்கு முதலில் படும். தோப்புக்குள் விழுந்த மட்டையும் உரித்த மட்டையும் குவிந்து கிடக்கும். அதனடியில் எலி குடியிருக்கும், எலியைத் தேடிப் பாம்பு வரும். விடியுமுன் மோட்டார் போடப் போகிறவர்கள் அஞ்சுவது கண்ணாடிவிரியனுக்கும் கட்டுவிரியனுக்கும்தான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. பெரும்பாலானவர்கள் கிராமத்தார். தமிழக அரசும் 2024 நவம்பரில் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது.

அதனால் இங்கே பூட்ஸ் உண்டு. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள் போட்டுத் தேய்த்தது, சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் கொண்டுவந்த இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி ஷூ, அபூர்வமாக ஒரு வேட்டை பூட்ஸ். வேட்டை 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் படிப்படியாக முடிந்துபோனது. வேட்டைக்காகச் செய்த பூட்ஸ் மட்டும் கனடாவிலிருந்து ஒரு மகன் அனுப்ப, அப்பா தோப்புக்குத் தண்ணீர் கட்டப் போட்டுக்கொண்டு போகிறார். ஐப்பசி மழையில் ஊறிய அந்த ஜோடிதான் நான் போனபோது சேதுபாவாசத்திரம் போகும் சாலையோரத்தில், தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்திருந்த பெரியவரின் மடியில் கிடந்தது.

அவரிடம் பேசத்தான் போயிருந்தேன். அறுபதைத் தாண்டியவர். முன்னால் மூன்று கிளையாகப் பிரியும் இரும்புக் கால், குத்தூசிகள், தோல் அறுக்கும் உளி, ஒரு டப்பா சொல்யூஷன், மெழுகு உருண்டை. தொழிலுக்கான சாமான் அவ்வளவுதான்.

"தண்ணி தோலு வழியா வர்றது கம்மி தம்பி. எல்லாரும் தோலத்தான் கொற சொல்லுவாங்க. வர்றது தையல் வழியா, நாக்கு வழியா" என்றார். சொன்னதோடு விடவில்லை. குவளைத் தண்ணீரைப் பூட்ஸுக்குள் ஊற்றி, வெளியே எங்கே கசிகிறது என்று திருப்பித் திருப்பிக் காட்டினார். வெளியிலிருந்து உள்ளே வரும் வழியும் உள்ளிருந்து வெளியே போகும் வழியும் ஒன்றுதானே. மேல் தோலும் அடியும் சேரும் வளையத்தில், சுண்டுவிரல் பக்கம், ஒரு விரற்கடை நீளத்துக்குப் பொடிப்பொடியாக முத்துக் கோத்தது. நடக்கும்போது பாதம் மடங்கும் இடம் அது. மற்ற இடமெல்லாம் உலர்ந்தே இருந்தது. வேட்டை பூட்ஸில் நாக்கை இரண்டு பக்கமும் மேல்தோலோடு சேர்த்தே தைத்திருப்பார்கள். புல்லில் நிற்கும் பனியும் வாய்க்கால் தண்ணீரும் கயிறு கட்டும் உயரம் வரை ஏறினாலும் உள்ளே வராது. சாதாரண ஷூவில் நாக்கு கீழே மட்டும்தான் தைத்திருக்கும். பக்கவாட்டில் திறந்தே கிடக்கும். இதை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, "செஞ்சவன் வெவரமானவன்" என்று யாரென்றே தெரியாத ஒரு தொழிலாளியைப் பாராட்டினார்.

கசிந்த இடத்தை அவர் தைக்கப் போகிறார் என்று நினைத்தேன். தைக்கவில்லை. உள்ளே கையை விட்டு அழுத்தி, "இதுக்குள்ள பிளாஸ்டிக் மாதிரி ஒரு சவ்வு இருக்கு. ஊசி போட்டா அதுல ஓட்ட விழுந்துரும்" என்றார். கோர்-டெக்ஸ் என்று 1969-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்த வகைச் சவ்வு. வியர்வை ஆவியை வெளியே விட்டுத் தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பது. அந்தப் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. விரல் நுனியில் அதைக் கண்டுபிடித்து, அதற்கேற்ப வேலையை மாற்றிக்கொண்டார். வளையத்தைச் சுற்றியிருந்த பழைய பசையைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை இரண்டு பூச்சாகப் பூசி, முதல் பூச்சு விரலில் ஒட்டாத பதத்துக்கு வரும்வரை காத்திருந்து அழுத்தினார். பக்கத்தில் கிடந்த பட்டாளத்து பூட்ஸுக்கு நேர்மாறான வைத்தியம். அதற்குச் சவ்வு கிடையாது. நூலை மெழுகு உருண்டையில் இழுத்து இழுத்துக் கறுப்பேற்றி, பழைய துளைகளிலேயே ஊசியை விட்டு இரட்டைத் தையல் போட்டார். புதுத் துளை போட்டால் தோல் அந்த வரிசையில் கிழியுமாம். மெழுகேறிய நூல் துளையை அடைத்துக்கொள்ளும், ஈரத்தில் அழுகவும் செய்யாது.

தோல் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று கேட்டேன். அறுத்த விளிம்பைக் காட்டினார். நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் ஓடினால் குரோம், முழுக்கப் பழுப்பாக இருந்தால் பட்டையில் பதனிட்டது. இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் ஒரு தமிழ்நாட்டுக் கதை இருக்கிறது. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதனிடுவது நம் பழைய வழக்கம். சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903-ல் சென்னையில் குரோம் முறையைச் சோதிக்கத் தொடங்கினார். அவர் நினைப்பில் முதலில் இருந்தது பூட்ஸ் அல்ல, கவலை. மாடு கட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கவலையின் தோல் நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்கி எழும். பட்டையில் பதனிட்ட தோலிலிருந்து சாறு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போக, தோல் சீக்கிரமே கெட்டுவிடும். குரோம் தோல் அதைத் தாங்கியது. ஈரத் தோலைச் சூடாக்கினால் பட்டை வகை சுமார் 75 முதல் 85 டிகிரிக்குள் சுருங்கிவிடும். நன்றாகப் பதனிட்ட குரோம் கொதிநீரையும் தாங்கும். பின்னால் வந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான் குரோம்பேட்டைக்கே அந்தப் பெயர். அடையாற்றில் 1948-ல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்ததும் இந்தத் தொடர்ச்சியில்தான். தண்ணீரைத் தாங்கும் தோலுக்கான தேடல் நம் ஊரில் விவசாயியின் கிணற்றடியில் தொடங்கியது என்பதை நம் பாடப்புத்தகங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

நனைவதைவிடக் காய வைப்பதில்தான் பூட்ஸ் சாகிறது என்பது பெரியவரின் உறுதியான கட்சி. கஜா புயலை அவர் உதாரணம் காட்டினார். 2018 நவம்பர் 16 விடிகாலையில் அடித்த அந்தப் புயல் இந்தப் பக்கத்துத் தென்னையை வேரோடு சாய்த்தது. மின்கம்பம் நட வெளிமாவட்டங்களிலிருந்து வந்த ஆட்கள் வாரக்கணக்கில் ஈரத்திலேயே நின்றார்கள். "ரெண்டு பேரு ஒரே மாதிரி ஷூ கொண்டாந்தாங்க. ஒருத்தர் அடுப்போரமா வச்சுக் காய வச்சிருக்காரு. மூக்கு சுருங்கி, தொட்டா அப்பளம். இன்னொருத்தர் திண்ணையில நெழல்ல போட்டிருக்காரு. எண்ண போட்டுக் குடுத்தேன், போட்டுக்கிட்டுப் போயிட்டாரு."

காரணம் சிக்கலானதல்ல. தோல் என்பது பின்னிக் கிடக்கும் நார். நாருக்கு இடையில் எண்ணெய் இருக்கும்வரை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி மடங்கும். நனைந்து காயும்போது வெளியேறும் ஈரம் எண்ணெயையும் இழுத்துக்கொண்டு போகும். வேகமாகக் காய்ந்தால் நார்கள் ஒட்டிக்கொண்டு விறைக்கும், அடுத்த மடிப்பில் வெடிக்கும். அதனால் மொட்டைமாடி வெயில், அடுப்படி, பைக் சைலன்ஸர் மூன்றும் ஆகாது. முதலில் சேற்றைத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். சேதுபாவாசத்திரம் கடற்கரைப் பக்கம் போய் வந்தது என்றால் இன்னொரு தரம் நல்ல தண்ணீரில் துடைக்க வேண்டும். உப்பு உள்ளே தங்கினால் வெள்ளை பூத்துத் தோலை அரிக்கும். உள்ளங்கால் அட்டையை வெளியே எடுத்து, கயிற்றைக் கழற்றி, உள்ளே உலர்ந்த வைக்கோலைத் திணிக்க வேண்டும். செய்தித்தாள் வைத்தால் மை ஒட்டுகிறது என்கிறார். வைக்கோலைக் காலையும் மாலையும் மாற்றி, காற்றுப் போகும் நிழலில் குப்புறத் தொங்கவிட்டால் மழைக்காலத்தில் மூன்று நான்கு நாள் பிடிக்கும். அவசரக்காரர்களுக்கு அவர் வேலை செய்து கொடுப்பதில்லை.

எண்ணெய் விஷயத்தில் ஊர்க்காரர்களோடு அவருக்குத் தீராத வழக்கு. தேங்காய் விளைகிற ஊரில் எல்லாரும் தேங்காயெண்ணெயைத்தான் தடவுகிறார்கள். அது சீக்கிரம் உள்ளே போகும், தோலைத் தொளதொளவென்று ஆக்கும், நாள்பட்டால் சிக்கெடுக்கும். மார்கழிக் குளிரில் வெள்ளையாக உறைந்தும் நிற்கும். "ராத்திரி எலி வந்து கடிக்கும் தம்பி. தேங்கா வாசன சும்மாவா?" அவருடைய கலவை விளக்கெண்ணெய் மூன்று பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, பூஞ்சைக்காகச் சில சொட்டு வேப்பெண்ணெய். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காமல் சுடுதண்ணீருக்குள் டப்பாவை இறக்கி உருக்குகிறார். தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆறி அரைக்கட்டியாக வந்ததை உள்ளங்கையில் எடுத்து, கைச்சூட்டிலேயே தேய்க்கிறார். தையல் வரிசைக்கும் வளையத்துக்கும் பழைய பல்தேய்க்கும் பிரஷ். பூசி ஒரு மணி நேரம் விட்டு, மேலே நிற்பதைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். மிச்சம் நின்றால் தூசி ஒட்டும். சவ்வு வைத்த பூட்ஸில் தோலின் துவாரங்களும் அடைந்து வியர்வை உள்ளேயே தங்கும். சொரசொரப்பான தோலில் இந்தக் கலவையைப் போட்டால் நிறம் கறுத்து மழமழப்பாகிவிடும். அதனால் எந்த பூட்ஸாக இருந்தாலும் முதலில் நாக்கின் உட்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்துப் பார்க்கிறார். ஓய்வு பெற்ற ராணுவக்காரர் ஒருவர் பட்டாளத்தில் கொடுத்த டப்பின் இதே வேலையைத்தான் செய்தது என்று பக்கத்தில் நின்று சொன்னார். கொழுப்பும் மெழுகும் எண்ணெயும் சேர்ந்ததுதான் அதுவும். டப்பா பாலிஷ் பளபளப்புக்கு. மழைக்கு அது காவல் அல்ல. பூஞ்சை பிடித்ததன்மேல் பாலிஷ் போடுவது இன்னும் மோசம். வினிகரில் பாதி தண்ணீர் கலந்து துடைத்து, உலர்த்தி, பிறகுதான் எண்ணெய்.

ரப்பர் கம்பூட் மலிவாயிற்றே என்றேன். வெளித் தண்ணீர் சொட்டுக்கூட வராது, ஆனால் நம் வெக்கைக்கு அரை மணி நேரத்தில் கால் வியர்வையில் ஊறிவிடும், சேற்றுப்புண் வரும் என்றார். களைகொல்லி அடிக்கிறவர்களுக்கு மட்டும் கம்பூட்தான் சரி என்று அவரே சொன்னார். தோலில் மருந்து ஏறினால் போகவே போகாது.

பேசிக்கொண்டிருக்கையில் வந்த பையன்கள் சிலர் அவரை "என்னப்பா, தச்சாச்சா?" என்று ஒருமையில் கேட்டார்கள். அவர்களுடைய தாத்தா வயது அவருக்கு. எதிர்க்கடை மளிகைக்காரரிடம் அதே பையன்கள் "அண்ணே" போட்டுத்தான் பேசினார்கள். தோலைத் தொடுகிற கையைச் சாதி இன்னமும் இப்படித்தான் அளக்கிறது. இதைப் பார்த்துக்கொண்டு கைத்திறனைப் பற்றி மட்டும் எழுதிவிட்டுப் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை. மத்திய அரசு 2023-ல் கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் செருப்புத் தைப்பதும் ஒன்று. குடும்பத் தொழிலை நிபந்தனையாக வைப்பதைத் தமிழக அரசு எதிர்த்தது. கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாக ஒன்றைத் தொடங்கியது. அந்த எதிர்ப்பு சரியானது. பெரியவரின் மகள் நர்ஸிங் படிக்கிறாள். அருந்ததியருக்கு 2009-ல் வந்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைப் பற்றி அவர் தேதி உட்பட நினைவு வைத்திருக்கிறார். தன் தொழில் தன்னோடு நிற்கட்டும் என்கிறார். கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு எந்தச் சாதிப் பையன் வந்தாலும் சொல்லித் தரத் தயார். இதுவரை யாரும் வரவில்லை.

கூலி பெரிதாக இல்லை. ஒரு ஜோடியைத் துடைத்து, உலர்த்தி, தைத்து, இரண்டு தரம் எண்ணெய் போட்டுக் கொடுக்க இருநூறு ரூபாய் கேட்டால் புதுச் செருப்பு நூற்றைம்பதுக்குக் கிடைக்கிறதே என்கிறார்கள். வேலை அதிகம் வருவது ஐப்பசி, கார்த்திகையில். அந்த மாதங்களில்தான் அவரால் சாலையோரத்தில் உட்காரவும் முடிவதில்லை. தார்ப்பாய் ஒழுகும், காய வைத்த பூட்ஸைச் சாரல் மறுபடி நனைக்கும். சாயங்காலம் சாக்கில் கட்டி வீட்டுக்குத் தூக்கிப் போய் அடுக்களைக்குத் தள்ளித் திண்ணையில் தொங்கவிடுகிறார்.

ஒரு பெட்டிக்கடை கேட்டு மனு எழுதிக் கொடுத்திருக்கிறார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். ஆறடிக்கு எட்டடி இடம் போதும். மேலே தகரம், காற்றுப் போக இரண்டு பக்கமும் ஜன்னல், குறுக்கே கட்ட ஒரு கம்பி. "கம்பிய மறக்காம எழுதச் சொன்னேன் தம்பி. எழுதிக் குடுத்தவரு அது எதுக்குன்னு கேட்டாரு. தொங்க விடாம எப்புடிக் காயும்?"