கண்டதும் விடுத்ததும்

சில திங்கட்கு முன் எளியேன் பேருந்தில் வந்துகொண்டிருந்த காலை, முன்னே சென்ற இருசக்கர வண்டியொன்று சரிந்து, அதனை ஓட்டிவந்த இளைஞர் சாலையில் வீழ்ந்தார். யாவரும் இறங்கினோம். அன்பர்காள்! இறங்கியோருட் பலருடைய கை முதலிற் சென்றது தத்தம் கைப்பேசிக்கே. எளியேன் கையும் அவற்றுள் ஒன்று. இதனை மறைத்து எழுதுவேனாயின் இக்கட்டுரையாற் பயன் யாதும் இன்று.

சாலையோரத்தில் இளநீர் விற்றிருந்த மூதாட்டியார் ஒருவரே அவரருகிற் சென்றமர்ந்து, விலகிக்கிடந்த ஆடையைத் திருத்தித் தம் துண்டினை முகத்தின்மேல் நிழலாகப் பிடித்தார். அதற்குள் எளியேன் படமெடுத்து முடித்திருந்தேன்.

அப்படத்தைத் ‘தலைக்கவசமின்றிச் செல்லற்க’ என்னும் அறிவுரையோடு உறவினர் இருபதின்மர் அடங்கிய வாட்ஸப் குழுவிற்கு விடுத்தேன். (அறிவுரை கூறுதல் நமக்கு எஞ்ஞான்றும் எளிது.) ஒரு கிழமை கழிந்தபின், அவ்வூர் நண்பர் ஒருவர் வாயிலாகக் கேட்டது இது: அன்று மாலையே இளைஞரின் தமக்கையார்க்குப் படமொன்று வந்து சேர்ந்ததாம்; மருத்துவமனையிலிருந்து செய்தி வருமுன்னர் அவர் தம்பியைக் குருதியோடு கண்டது அதனிலேயாம். இளைஞர் பிழைத்துக்கொண்டார். அப்படம் எளியேன் விடுத்ததோ, பிறர் விடுத்ததோ, அறியவியலாது. அறியவியலாமையே நெஞ்சினை அறுக்கின்றது.

‘பொதுவீதியில் நிகழ்ந்ததற்கு மறைவு யாது?’ என்பாருளர். வீதி பொதுவேயாயினும் வீழ்ந்தவருடைய உடல் பொதுவன்று. ‘படம் சான்றாகுமே’ எனின், ஆகும். மோதிவிட்டு ஓடும் வண்டியின் எண்ணைப் பதிந்து காவலரிடம் கொடுத்தல் கடனேயாம். காவலர்க்குக் கொடுக்கவேண்டியதனை உறவினர் இருபதின்மர்க்குக் கொடுத்தது என்ன சான்று கருதியோ!

விபத்துற்றாரை மருத்துவமனையிற் சேர்ப்பவர் தம் பெயரும் முகவரியும் கூறவேண்டுவதில்லை என்னும் நெறிமுறைகளை இந்திய உச்சநீதிமன்றம் 2016-ஆம் ஆண்டில் உறுதிசெய்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தமும் 134-ஏ பிரிவால் அன்னார்க்குக் காப்பளித்தது. உதவுவோர் பெயர்க்கே இத்துணைக் காப்பு வேண்டுமாயின், எழவும் மாட்டாது கிடப்பவர் முகத்திற்கு எத்துணை வேண்டும்? அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்த்தது 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள். ஜெர்மனியிலோ, ஒருவரது ஆதரவற்ற நிலையை வெளிப்படுத்தி அவர்தம் அந்தரங்கத்தைக் கெடுக்கும் படங்களை 2015-ஆம் ஆண்டிலேயே குற்றமாக்கினர். 2021-ஆம் ஆண்டு முதல் இறந்தோரை இழிவுறக் காட்டும் படங்களும் அதனுள் அடங்கின. எளியேன் கைப்பேசியை எடுத்தபோது இவற்றுட் சிலவற்றை அறிந்தே இருந்தேன். அறிவு கைவரை வந்திலது.

செய்தி கேட்ட அன்றே படத்தை அழிக்க முயன்றேன். விடுத்ததனை யாவரிடத்தும் அழிக்கும் வசதி இரண்டரை நாளளவே உதவும். அதற்குள் அழிப்பினும், பிறர்பால் முன்னரே சென்ற படிகளை அது தீண்டாது. ஆகவே உறவினர் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து வேண்டினேன். சிலர் உடனே அழித்தனர். தமையனார் மைந்தன், தன் நண்பர் ஐவர்க்கு விடுத்துவிட்டதாகக் கூறினான். இளையவர் ஒருவர் சிறிது நேரம் வாளாவிருந்து, “எந்தப் படம், அண்ணா?” என்றார்.